லிஃப்டை மூடிய வாரம்

நீங்கள் பார்க்காததைப் பார்த்ததாகச் சொல்கிறீர்கள். லிஃப்ட் கம்பெனியின் மலாக்கா கிளை மேனேஜரே, உங்களைத்தான் சொல்கிறேன். ஆயர் குரோவில் இருக்கும் அந்தப் பத்து மாடி அடுக்கு வீட்டின் உச்சியில் ஓர் அறை உண்டு. லிஃப்டை இழுக்கும் மோட்டார் அங்கேதான் இருக்கிறது. அந்த அறைக்குள் உங்கள் ஆள் யாரும் பல மாதமாகக் கால் வைக்கவில்லை. ஆனால் "பரிசோதித்தோம், நல்ல நிலையில் உள்ளது" என்று மாதம் தவறாமல் அறிக்கை அனுப்புகிறீர்கள். அது பொய். அதற்கு வேறு மரியாதையான பெயர் எனக்குத் தெரியாது.

என்னை உங்களுக்குத் தெரிந்திருக்காது. நீங்கள் வருவதற்கு முன்பே நான் ஓய்வு பெற்றுவிட்டேன். பெயர் மணியம். வீடு பாயா ரும்புட். இதே கம்பெனியில் சின்னப் பையனாகச் சேர்ந்து, சீனியர் டெக்னீஷியனாக வெளியே வந்தவன். கம்பெனி ஆண்டு விழா மலருக்குப் பழைய ஆட்களிடம் கட்டுரை வாங்குகிறோம் என்று உங்கள் ஆபீசிலிருந்து ஒரு பெண் போன் செய்தாள்.

"அங்கிள், ரெண்டு பக்கம் போதும். நல்ல விஷயமா எழுதுங்க. கொஞ்சம் நன்றியா எழுதுங்க லா."

நல்ல பிள்ளை. அவள்மேல் குறை இல்லை. எழுதிவிட்டேன். ஆனால் மலரில் போட மாட்டீர்கள் என்று தெரியும். அதனால் பத்திரிகைக்கு அனுப்புகிறேன். அந்தப் பிள்ளை கேட்டபடி இது நன்றியாகத்தான் இருக்கும். யாருக்கு நன்றி என்பது மட்டும் என் இஷ்டம்.

நான் டுரியான் துங்கால் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்தவன். அங்கே மாடி வீடே கிடையாது. வேலை கேட்டுப் போன அன்றைக்குத்தான் முதல்முதலாக லிஃப்டில் ஏறினேன். தொழிற்பள்ளியில் வயரிங் படித்திருந்தேன். அதை வைத்து எடுத்துக்கொண்டார்கள். முதல் சில வருடம் டூல் பெட்டி தூக்கினேன், லிஃப்ட் குழிக்குள் இறங்கிக் குப்பை அள்ளினேன், கிரீஸ் பூசினேன், திட்டு வாங்கினேன். அதற்குமேல் அதில் சொல்ல ஒன்றுமில்லை.

பிறகு துரைராஜா சாருக்குக் கீழே போட்டார்கள். அவர் சர்வீஸ் இன்ஜினியர். யாழ்ப்பாணத்துக் குடும்பம், தாத்தா காலத்தில் ரயில்வே வேலைக்கு வந்து இங்கேயே தங்கிவிட்டவர்கள். வெள்ளைச் சட்டை, டை, சட்டைப் பையில் சின்ன டார்ச் லைட். பாதி ஆங்கிலம், பாதி யாழ்ப்பாணத் தமிழ். துப்புரவுக்காரர் முதல் டைரக்டர் வரை எல்லாரும் அவருக்கு "நீர்"தான்.

அவரிடம் நான் முதலில் சிக்கியது ஒரு ஆபீஸ் கட்டடத்தில். சர்வீஸ் முடித்துக் கீழே வந்தேன். அவர் காரில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார்.

"முடிச்சிட்டேன் சார். எல்லாம் ஓகே."

"ஓகே எண்டால் என்ன?"

"ஓகேன்னா... நல்லா இருக்கு சார்."

"அது உம்மட அபிப்பிராயம். நான் அதைக் கேக்கேல்ல. நீர் என்னத்தைக் கண்டனீர்? அதைச் சொல்லும்."

நான் டூல் பெட்டியைக் கீழே வைத்தேன்.

"பிரேக் லைனிங் எவ்வளவு தேஞ்சிருக்கு? கயித்தில துரு கண்டனீரோ? எந்தக் கயித்தில? கதவு சாத்தேக்க சத்தம் வந்ததோ?"

"சார், அது வந்து..."

"பாக்கேல்ல எண்டால் பாக்கேல்ல எண்டு சொல்லும். அது குற்றமில்லை. இன்னொருக்காப் போய்ப் பாக்கலாம். பாக்காமல் ஓகே எண்டு சொன்னீர் எண்டால், பிறகு ஒருத்தரும் போய்ப் பாக்க மாட்டினம்."

பேப்பரை மறுபடி விரித்துக்கொண்டார். சாப்பாட்டு நேரம் போயிற்று. நான் அவரைத் திட்டிக்கொண்டே திரும்ப மேலே ஏறினேன். உரக்கவே திட்டினேன், மோட்டார் சத்தத்தில் கேட்காது என்ற தைரியத்தில்.

எங்கள் கூட்டத்தில் அது பெரிய கேலியாகிவிட்டது. மாமாக் என்று நாங்கள் சொல்லும் தமிழ் முஸ்லிம் டீக்கடையில் எவனாவது "டீ எப்படி?" என்று கேட்டால், இன்னொருவன் "ஓகே" என்பான். உடனே எல்லாரும் சேர்ந்து, "ஓகே எண்டால் என்ன?" என்று கத்துவோம். கடைக்காரர் எங்களைப் பைத்தியம் என்று நினைத்திருப்பார்.

ஆனால் அவர் சொன்ன முறைதான் பிறகு எங்கள் முறை ஆயிற்று. மோட்டார் அறையைத் திறந்ததும் எதையும் தொடக்கூடாது. சும்மா நிற்க வேண்டும். முதலில் மூக்கு: கருகின வாடை இருக்கிறதா? அடுத்தது காது: கீழே யாராவது லிஃப்டை அழைக்கும்வரை காத்திருந்து, மோட்டார் கிளம்புவதையும் நிற்பதையும் கேட்க வேண்டும். அதன் பிறகு டார்ச் அடித்துத் தரையைப் பார்க்க வேண்டும். மெஷினை அல்ல, மெஷினுக்குக் கீழே தரையை. கறுப்புத் தூள் கிடந்தால் பிரேக் தேய்கிறது. எண்ணெய்ப் பொட்டு இருந்தால் எங்கோ கசிகிறது. இதெல்லாம் பார்த்த பிறகுதான் மின்சாரத்தை நிறுத்தி, பூட்டுப் போட்டு, கை வைக்க வேண்டும்.

அவர் ஏமாற்றைப் பற்றி வைத்திருந்த கணக்கும் வேறு. ஊரில் ஒரு ஹோட்டல் லிஃப்டுக்கு மொத்தக் கயிற்றையும் மாற்ற வேண்டும் என்று எங்கள் விற்பனை ஆள் விலை கொடுத்துவிட்டான். நல்ல தொகை. ஹோட்டல்காரரும் சம்மதித்துவிட்டார். துரைராஜா சார் என்னை அனுப்பிக் கயிற்றை அளக்கச் சொன்னார். கயிறு நன்றாக இருந்தது. இன்னும் சில வருடம் ஓடும். வந்து அளவைச் சொன்னேன். அவர் ஆர்டரை ரத்து செய்துவிட்டார்.

விற்பனை ஆள் ஆபீசிலேயே கத்தினான். "என்ன சார் இது? கஸ்டமரே சரின்னுட்டான். உங்களுக்கு என்னா நஷ்டம்? புதுக் கயிறு போட்டா யாருக்கும் கெடுதல் இல்லையே!"

"கெட்டதை நல்லதெண்டு சொல்லுறவனும் நல்லதைக் கெட்டதெண்டு சொல்லுறவனும் ஒரே ஆள்தான் ஐசே. இண்டைக்கு உமக்குக் கமிஷன் தேவை, அதால கயிறு கெட்டுப் போச்சு. நாளைக்கு ஒருத்தனிட்டக் காசில்லை எண்டால், கெட்ட கயிறு நல்ல கயிறு ஆகிவிடும்."

அந்த ஹோட்டல்காரருக்கு ஆர்டர் ஏன் ரத்தானது என்று இன்றுவரை தெரியாது.

இனி அந்த அடுக்கு வீட்டு விஷயம். மேனேஜரே, நீங்கள் இப்போது "நல்ல நிலையில்" என்று எழுதும் அதே கட்டடம். அப்போது எனக்கு முப்பதுகளின் கடைசி.

அங்கே இரண்டு லிஃப்ட். ஒன்று ஏற்கெனவே செத்துவிட்டது. அதன் சாமான்களைக் கழற்றித்தான் மற்றதை ஓட்டிக்கொண்டிருந்தோம். பாதி வீட்டுக்காரர்கள் பராமரிப்புக் கட்டணம் கட்டுவதில்லை. "நான் மொத மாடி, எனக்கெதுக்கு லிஃப்ட்?" என்பார் ஒருவர். "அவன் கட்டட்டும், அப்புறம் நான் கட்டுறேன்" என்பார் இன்னொருவர். குடியிருப்பாளர் சங்கத்திடம் பணம் இல்லை, கம்பெனிக்குப் பல மாதப் பாக்கி.

ஒரு நாள் அந்த அறையைத் திறந்ததும் வாடை வந்தது. டார்ச் அடித்தேன். தரையில் எண்ணெய். கியர் பெட்டியில் கசிவை அடைக்கும் சீல் போய், எண்ணெய் பிரேக் டிரம் மேல் வழிந்திருந்தது.

லிஃப்ட் பிரேக் என்பது ஒரு பிடி. மோட்டார் நின்றதும் ஸ்பிரிங் அழுத்தி, லைனிங் பட்டை டிரம் என்ற உருளையைக் கவ்விக்கொள்ளும். எண்ணெய் பட்டால் பிடி வழுக்கும். கதவு திறந்திருக்கும், ஆள் ஒரு காலை உள்ளே வைத்திருப்பார், லிஃப்ட் பெட்டி நகரும். இதற்குமேல் விளக்க வேண்டாம். பெட்டியைக் காலியாக ஓட்டி நிறுத்திப் பார்த்தேன். நின்ற பிறகு ஒரு சாண் மேலே ஏறிற்று. கதவு திறந்தபடியே.

மின்சாரத்தை நிறுத்திப் பூட்டினேன். கீழே வந்து "ரோசாக்" பலகையை மாட்டினேன். ரோசாக் என்றால் மலாயில் பழுது. நம் ஊர் அடுக்கு வீடுகளில் குழந்தைகள் முதலில் படிக்கும் சொல் அதுதான்.

சரோஜா அக்கா கட்டடத்தின் கீழேயே நாசி லெமாக், அதாவது தேங்காய்ப்பால் சோறு, விற்பவர். மாட்டும்போதே வந்துவிட்டார்.

"என்னா தம்பி இது?"

"ரோசாக் அக்கா. மூடிட்டேன்."

"காலையில நான் எறங்கினேனே, நல்லாத்தானே ஓடுச்சு?"

"ஓடுறதுல பிரச்சன இல்ல அக்கா. நிக்கிறதுலதான் பிரச்சன."

"எத்தன நாளு?"

"சாமான் வரணும். தெரியல."

அவர் கரண்டியைக் கீழே வைத்தார். அவர் கணவர் கோவிந்தன் பழைய லாரி ஓட்டுநர். சர்க்கரை வியாதியில் ஒரு கால் எடுத்தாயிற்று, சிறுநீரகமும் போயிற்று. வாரத்தில் மூன்று நாள் ரத்தச் சுத்திகரிப்புக்குப் போக வேண்டும். வீடு எட்டாவது மாடி.

"நாளைக்கு அவரு போற நாளு. தெரியும்ல? போகலன்னா என்னா ஆவும்னு டாக்டர் சொல்லியிருக்காரு. நீ வந்து தூக்குவியா? சொல்லு."

நான் பதில் சொல்லாமல் இருந்திருக்கலாம். அவர் கேட்ட வேகத்தில் விளக்க ஆரம்பித்துவிட்டேன். லிஃப்ட் பெட்டிக்கு மறுபக்கம் இரும்பு எடை தொங்குகிறது. பெட்டி காலியாக இருந்தால் அந்த எடை பெட்டியை மேலே இழுக்கும். பெட்டி நிறைந்தால் பெட்டி கீழே இழுக்கும். பாதி நிறைந்தால் இரண்டும் சமம். அவர் கவனமாகக் கேட்டார்.

"அப்ப பாதி ஆளு இருந்தா வழுக்காது?"

"அப்படிச் சொல்லல அக்கா. கொஞ்சமா வழுக்கும்."

"பாதின்னா எத்தன பேரு?"

"ஒரு ஆறு பேரு மாதிரி..."

சொல்லி முடிப்பதற்குள் படியேறிப் போய்விட்டார்.

மறுநாள் காலை துரைராஜா சாருக்காகக் காத்திருந்தேன். அவருக்கு முன்னால் சரோஜா அக்கா வந்தார். பின்னால் ஆறு பேர். லிஃப்ட் கதவுக்கு முன்னால் வரிசையாக நின்றார்கள், ஏதோ பேருந்துக்கு நிற்பது போல.

"இந்தா தம்பி, ஆறு பேரு. எல்லாரும் சாப்புட்டுத்தான் வந்திருக்காங்க, எடை கொறையாது. தொற."

வரிசையில் முதலில் நின்றவர் பாக் மான், ஆறாவது மாடி மலாய்க்காரர். பெரிய உடம்பு. தன்னை இரண்டு ஆளாகக் கணக்கு வைத்துக்கொள்ளலாம் என்று மலாயில் சொல்லித் தன் வயிற்றைத் தட்டிக் காட்டினார். எல்லாரும் சிரித்தார்கள். சரோஜா அக்கா சிரிக்கவில்லை.

"ரெண்டு நடதான் தம்பி. அவர எறக்கணும், சாயங்காலம் ஏத்தணும். அவ்வளவுதான். வேற யாரயும் ஏத்தாத. நீயே உள்ள நின்னு ஓட்டு. நான் யார்கிட்டயும் சொல்லமாட்டேன்."

உண்மையைச் சொல்கிறேன், கை சாவியின் மேல்தான் இருந்தது. எண்ணெயைத் துடைத்துவிட்டு மெதுவாக ஓட்டினால் என்ன என்று மனம் கேட்டது. கதவைத் திறந்தால் ஆபத்து ஒன்று. திறக்காமல் இருந்தால் அந்த மனிதருக்கு நேரும் ஆபத்து வேறொன்று. இரண்டும் என் கையில் இருந்தது. எந்தப் புத்தகத்திலும் இதற்கு அட்டவணை கிடையாது.

அப்போது சார் வந்தார். அவர் வரிசையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"நீர் என்னத்தைக் கண்டனீர்?"

"கியர் சீல் கசியுது சார். எண்ணெய் டிரம் மேல இருக்கு. லைனிங் ஊறிப் போச்சு. காலியா நிறுத்தினா, கதவு தெறந்தப்புறம் ஒரு சாண் மேல ஏறுது."

சார் படியேறினார். பத்து மாடி. வெகுநேரம் கழித்து இறங்கி வந்தபோது சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. சரோஜா அக்காவிடம் விரலை நீட்டினார். விரலில் எண்ணெய்.

"தங்கச்சி, இது ஆள் எண்ணிப் பாத்து வழுக்காது. நான் திறக்க மாட்டன்."

"அப்ப எம் புருஷன் சாவட்டுமா? நீங்க ரெண்டு பேரும் சாவிய பைல போட்டுட்டு கார்ல ஏறிப் போயிருவீங்க!"

அக்கா பேசியதில் தவறு ஒன்றும் இல்லை என்று சாருக்குத் தெரிந்திருந்தது. வரிசையின் பக்கம் திரும்பினார்.

"இவை ஆர்?"

"பாரத்துக்கு வந்தவங்க சார்" என்றேன். எனக்கே வெட்கமாக இருந்தது. கணக்கை விளக்கினேன். அவர் முகத்தில் சிரிப்பு வரப்பார்த்து அடங்கியது.

"பாரமா நிக்க வந்தவை பாரம் தூக்கவும் ஏலும்தானே? நல்ல கதிரை ஒண்டு கொண்டு வாங்கோ."

கதிரை என்றால் நாற்காலி. பாக் மான் வீட்டு மர நாற்காலியை எட்டாவது மாடிக்குக் கொண்டுபோனோம். இரண்டு பக்கமும் கம்பு வைத்துக் கட்டினோம். நான் கட்டியதைக் கோவிந்தன் ஒத்துக்கொள்ளவில்லை.

"டேய் மணியம், இது என்னா முடிச்சு? அவுறு அவுறு. சரக்கு ஏத்துற முடிச்சு போடணும்."

தன்னைக் கட்டும் கயிற்றுக்குத் தானே முடிச்சு போட்டார். முன்னால் இரண்டு பேர், பின்னால் இரண்டு பேர், பக்கத்தில் மாற்று ஆள். பின்னால் ஒரு முனையில் நான். டையைத் தோளுக்குப் பின்னால் தள்ளிவிட்டு, மறு முனையைத் துரைராஜா சார் பிடித்தார். "சார், நீங்க வேணாம்" என்றேன். "நான்தானே மூடினனான்" என்றார்.

படி குறுகல். ஒவ்வொரு திருப்பத்திலும் நாற்காலியைத் தலைக்கு மேல் தூக்க வேண்டியிருந்தது. ஐந்தாம் மாடியில் கோவிந்தன் பேச ஆரம்பித்துவிட்டார்.

"சாமி தூக்குற மாதிரி தூக்குறீங்க. கற்பூரம் எங்கடா?"

யாருக்கும் பதில் சொல்ல மூச்சில்லை.

"இன்ஜினியர் சார், உங்க பக்கம் தாழுது. லெவல் சரியில்ல."

சார் சிரித்துவிட்டார். சிரித்ததில் நாற்காலி ஆடியது. எங்களுக்கு முன்னால் படியிறங்கிக்கொண்டிருந்த சரோஜா அக்கா, "சிரிக்காதீங்க, போட்டுருவீங்க!" என்று கத்தினார். கத்தும்போது அவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அழுகையும் கூடவே.

அன்று சாயங்காலம் ஏற்றினோம். அடுத்த முறை எங்களுக்காகக் காத்திருக்கவில்லை. ஆட்கள் தாங்களே முறை போட்டுக்கொண்டார்கள். "எனக்கெதுக்கு லிஃப்ட்?" என்ற முதல் மாடிக்காரரும் தூக்கினார். எட்டு மாடி இறக்கிய பிறகு அவர் அந்தக் கேள்வியை மறுபடி கேட்டதாக எனக்குத் தெரியாது.

ஆபீசில் வேறு சண்டை. அப்போதைய கிளை மேனேஜர், பாக்கி கட்டும்வரை சாமான் கிடையாது என்றார். அதோடு விடவில்லை. "எண்ணெயைத் துடைத்துவிட்டு ஓட்டுங்கள். ஏன் மூடினீர்கள்? மூடினால் அவர்கள் நம்மைத்தான் திட்டுவார்கள்" என்றார். அவர் கெட்டவர் இல்லை. அவருக்கும் மேலிடத்தில் பதில் சொல்ல வேண்டியிருந்தது.

"துடைச்சு ஓட்டலாம்" என்றார் சார். "நீர் கையெழுத்துப் போடும், ஓட்டுறன்."

மேனேஜர் போடவில்லை. துரைராஜா சார் தன் பொறுப்பில் கையெழுத்திட்டுக் கோலாலம்பூர் கிடங்கிலிருந்து சீலும் லைனிங்கும் எடுத்துவரச் சொன்னார். பிறகு அடுக்கு வீட்டுக் கூட்டத்துக்குப் போய் நின்று, அங்கேயும் விட்டுக்கொடுக்கவில்லை. "லிஃப்டைக் கெடுத்தது எண்ணெய். சாமான் வராமல் கெடுத்தது நீங்கள். கட்டணம் கட்டாத ஆக்கள் கையை உயர்த்துங்கோ பாப்பம்" என்றார். யாரும் உயர்த்தவில்லை. ஆனால் அந்த வாரமே நிறையப் பேர் கட்டினார்கள்.

சாமான் வந்தது. பிரித்துக் கழுவி மாற்றினோம். இரும்பு எடைகளை ஏற்றி, இறக்கி, நிறுத்தி நிறுத்திப் பார்த்தோம். பெட்டி தரையோடு தரையாக நின்றது. பலகையைக் கழற்றினேன். சரோஜா அக்கா கதவுக்கு முன்னால் நின்றார், ஏறவில்லை.

"நீ மொதல்ல ஏறு" என்றார்.

ஏறினேன். சாரும் ஏறினார். மேலே போய்க் கீழே வந்தோம். அதன் பிறகுதான் அக்கா கால் வைத்தார்.

துரைராஜா சாருக்கு அந்த வருடம் கிடைக்க வேண்டிய பதவி வேறொருவருக்குப் போயிற்று. அந்தக் கையெழுத்துதான் காரணம் என்று எல்லாருக்கும் தெரியும். அவர் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசி நான் கேட்டதில்லை. ஒரு முறை நான் தயங்கித் தயங்கி நன்றி சொல்லப் போனேன். "நன்றியை வைச்சு என்ன செய்யிறது? ரெண்டாம் மாடிக் கதவு சத்தம் போடுது, போய்ப் பாரும்" என்றார். இப்போது அவர் இல்லை. அதனால் தைரியமாகச் சொல்கிறேன்: நன்றி சார். நான் வேலை பார்த்த காலத்தில் என் கையால் யாருக்கும் அடிபடவில்லை. அது என் சாமர்த்தியம் இல்லை. நீங்கள் கேட்ட கேள்வி.

கோவிந்தன் அண்ணன் அதற்குப் பிறகும் பல வருடம் இருந்தார். அவருக்கும் நன்றி; தூக்குகிறவனைச் சிரிக்கவைக்கத் தெரிந்த நோயாளி. பாக் மானுக்கும் நன்றி. தன் கணவரின் உயிரைக் கேட்டு என்னோடு சண்டை போட்ட சரோஜா அக்காவுக்குப் பெரிய நன்றி. பொதுஜனம் என்றால் யார் என்று எனக்குக் காட்டியவர் அவர்தான்.

அந்த அக்காதான் இரண்டு மாதத்துக்கு முன் எனக்குப் போன் செய்தார். இன்னும் அதே எட்டாவது மாடி, இப்போது தனியாக.

"தம்பி, லிஃப்ட் திரும்பவும் கொஞ்சம் ஏறி நிக்குது. எனக்குக் கால் தடுக்குது. கம்பெனிக்குப் போன் பண்ணிச் சொன்னேன். போன எடுத்த பொண்ணு, 'சிஸ்டத்துல எல்லாம் பச்சையா இருக்கு மேடம்'ங்குறா. பச்சையா இருந்தா எனக்கென்னா, செவப்பா இருந்தா எனக்கென்னா? என் காலுல்ல தடுக்குது!"

போய்ப் பார்த்தேன். தடுக்கத்தான் செய்கிறது. மோட்டார் அறைச் சாவி என்னிடம் இல்லை. இருந்தாலும் நான் தொடக்கூடாது. அது முறை. அதனால் உங்கள் கம்பெனியில் இன்னும் வேலை செய்யும் ஒரு தம்பியைக் கேட்டேன். பெயர் சொல்லமாட்டேன். அவன் சொன்னான்.

"அண்ணே, ஆபீஸ்லேர்ந்தே லிஃப்டக் கண்காணிக்கிற பெட்டி ஒண்ணு மாட்டுனதுலேர்ந்து எங்கள அந்தப் பக்கம் அனுப்புறதில்ல. பெட்டி பச்ச காட்டுனா, போன்ல 'பார்த்தாச்சு'ன்னு ஒரு தட்டு தட்டச் சொல்றாங்க. தட்டலன்னா அந்த மாசம் என் கணக்குல வேல கொறையும். எனக்கு வீட்டுக் கடன் இருக்குண்ணே."

அவனை நான் திட்டவில்லை. வீட்டுக் கடனோடு ஒருவனை நிறுத்தி, பொய்யை அவன் விரலில் வைத்தது நீங்கள். ஆனாலும் எனக்குச் சொன்னானே, அதற்கு அவனுக்கும் நன்றி.

அந்தக் கண்காணிப்புப் பெட்டி மேல் எனக்குக் கோபமே இல்லை. கதவு எத்தனை முறை திறந்தது, மோட்டார் எவ்வளவு சூடு, உள்ளே யாராவது மாட்டிக்கொண்டார்களா என்று அது உடனே சொல்லிவிடுகிறது. எங்கள் காலத்தில் இருந்திருந்தால் எத்தனையோ பேர் இருட்டில் உட்கார்ந்து கதவைத் தட்டிக்கொண்டிருக்க மாட்டார்கள். ஆனால் டிரம் மேல் எண்ணெய் இருக்கிறதா என்று பார்க்க அந்தப் பெட்டிக்குக் கண் இல்லை. அது பார்த்தேன் என்றும் சொல்லவில்லை. சொல்வது நீங்கள்.

சங்கத் தலைவரையும் விடமாட்டேன். "ஆள் வராட்டியும் பெட்டி பாத்துக்கும், மாசக் கட்டணம் கொறையும்னாங்க அண்ணே. கூட்டத்துல எல்லாரும் கை தட்டுனாங்க" என்கிறார். ஒரு வீட்டுக்கு மாதம் ஒரு தே தாரிக் டீயின் காசு மிச்சம். கை தட்டியவர்களுக்கும் சொல்கிறேன்: மிச்சம் பிடித்தது லிஃப்டிலிருந்து இல்லை, அதைப் பார்க்க வரும் ஆளிடமிருந்து.

நான் சத்தம் போட்டால் லிஃப்ட் மூடப்படும். இதையும் யோசிக்காமல் இல்லை. இன்று அந்தக் கட்டடத்தில் முதியவர்கள் அதிகம். அக்காவுக்கே முழங்கால் மடங்காது. அவரிடம் நேராகவே கேட்டேன்.

"மூடுனா மூடட்டும் தம்பி" என்றார். "தூக்கச் சொல்லி நான் கேப்பேன். கேக்க எனக்கென்னா வெக்கம்? வழுக்குற லிஃப்டுகிட்ட கேக்க முடியுமா?"

உங்களுக்கு இரண்டு முறை எழுதினேன், மேனேஜரே. ஒருமுறை பதில் இல்லை. ஒருமுறை "எல்லா அளவுகளும் வரம்புக்குள் உள்ளன" என்று வந்தது. யார் எழுதியது என்றுகூட அதில் இல்லை.

இனி எனக்குப் பதில் வேண்டாம். வரும் ஞாயிற்றுக்கிழமை காலை அந்த அடுக்கு வீட்டின் கார் நிறுத்துமிடத்தில் குடியிருப்பாளர் கூட்டம். மைக் இருக்கும். நாற்காலி போட்டு வைப்போம். சாவியோடு வாருங்கள். மேலே அந்த அறைக்குள் கடைசியாக நுழைந்த ஆள் யார் என்று, அந்த லிஃப்டில் தினமும் ஏறுகிறவர்கள் எல்லாருக்கும் கேட்கும்படி, பெயர் சொல்லிச் சொல்லுங்கள்.